ஒரு வாய் டீக்குள் அம்மன் அலங்காரம்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். இப்போது அங்கே படம் வரைய ஆள் தேவையில்லை. இன்ன மாதிரி வேண்டும் என்று எழுதிக் கேட்டால் கம்ப்யூட்டரே வரைந்து தருகிறது. படம் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் வெப் பக்கத்தில் ஏற்றினால் சின்ன ஃபோன்களில் திணறுகிறதாம். "சார், அந்த அம்மன் படத்துக்கு நீங்களும் மேடமும் என்ன செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க. புதுசா சேர்ந்தவங்க படிப்பாங்க" என்றார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றவன். குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில்தான் தொழில் ஆரம்பம். முதலில் பிரஷ்ஷும் பெயிண்டும், பிறகு கம்ப்யூட்டர். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கருமாதி என்று எல்லாவற்றுக்கும் பத்திரிகை அடித்தோம். அதில் சாமி படங்கள் என் பொறுப்பு. என்னை எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் அங்கேயே ஓடிவிட்டது. கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் வரைந்தது போட்டோ மாதிரி படம் இல்லை. போட்டோ என்பது நிறத்துளிகளின் கூட்டம், பெரிதாக்கினால் உடைந்துவிடும். என்னுடையது கோட்டுப் படம். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் இப்படி வளைந்து போ, உள்ளே இந்த நிறத்தை நிரப்பு என்று குறிப்புகளாக இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மூக்குத்திக் கல் கூர்மையாகவே நிற்கும். ஆனால் அதைத் திறக்கிற மெஷின் அந்தக் குறிப்பையெல்லாம் படித்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தானே வரைந்தாக வேண்டும். பெரிய கம்ப்யூட்டருக்கு இது ஒரு வேலையே இல்லை. சின்ன ஃபோனுக்கு இடுப்பொடிகிற வேலை.

நான் வரைகிற முறையையும் சொல்லிவிட வேண்டும். சாமி வரைந்தால் முதலில் திருமேனியை முழுதாக வரைவேன், கோயிலில் கல்லில் இருப்பது போல. அதற்கு மேல் வஸ்திரம், அதற்கு மேல் நகை, அதற்கு மேல் மாலை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்கிய மாதிரி இருக்கும். மாலை மறைக்கிறது என்பதற்காக உள்ளே உடம்பை வரையாமல் விட எனக்கு மனசு வராது. கை போன சிலையைப் பின்னம் என்று கோயிலிலேயே ஒதுக்கி வைக்கிறோம். அரைகுறையாக ஒரு சாமியை நான் எப்படி வரைவது? அச்சகத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. காகிதத்தில் மேல் அடுக்கு மட்டும்தான் விழும்.

அச்சகத்தில் வேலை குறைந்தபோது சுகந்தி மேடத்திடம் சேர்ந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மாடியில் ஆபீஸ். கோயில்களுக்கும் விசேஷங்களுக்கும் வெப் பக்கம் செய்து கொடுப்பார். மேடத்தின் மேசையில் பெரிய மானிட்டர் இருந்தது, ஆனால் முடித்த வேலையை அதில் பார்க்கவே மாட்டார். செகண்ட் ஹாண்டில் வாங்கிய, மூலையில் கீறல் விழுந்த ஒரு பழைய ஃபோன் வைத்திருந்தார். "இதுல காட்டுங்க" என்பார். பக்கத்தைத் தட்டிவிட்டு ஒரு வாய் டீ குடிப்பார். டீ தொண்டையில் இறங்குவதற்குள் படம் முழுதாக வந்துவிட வேண்டும். வராவிட்டால் திட்ட மாட்டார். டம்ளரை வைத்துவிட்டு, படத்தில் ஏதாவது ஒரு இடத்தை விரலால் தொட்டு, "சார், இது யாருக்குத் தெரியும்?" என்பார். கோபமே இல்லாமல்தான் கேட்பார். எனக்கு அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

நான் சொல்ல வந்த வேலை, கோடியக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவ ஊரின் அம்மன் கோயிலுக்கானது. அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் போட்டில் மீன் பிடிக்கிறார்கள். திருவிழாவுக்கு வர முடியாது. கருவாட்டு வியாபாரம் செய்யும் வசந்தா என்கிற அம்மா தஞ்சாவூருக்குச் சரக்கு கொண்டு வரும்போது எங்கள் போர்டைப் பார்த்து, மேலே ஏறி வந்து விசாரித்தார். அவர் வீட்டுக்காரரும் வளைகுடாவில்தான் இருந்தார். ஊர் வந்து மூன்று திருவிழா ஆகிவிட்டது. அம்மனைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வரைந்தால் தப்பில்லை என்று பஞ்சாயத்தார் ஒத்துக்கொண்டார்கள். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் அம்மனுக்கு வேறு அலங்காரம். அந்தந்த நாள் அலங்காரத்தை வரைந்து வெப் பக்கத்தில் போட வேண்டும். அவர்கள் இருக்கிற போட் கரையோரம் வரும்போது கொஞ்ச நேரம்தான் சிக்னல் கிடைக்குமாம். அதற்குள் திறந்து கும்பிட்டுவிட வேண்டும்.

நான் கோயிலுக்குப் போய் அலங்காரத்தில் இருந்த உற்சவ அம்மனைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தேன். என் வழக்கப்படி முதலில் திருமேனி, கால் விரல் நகம் வரைக்கும். பிறகு சிவப்புப் பட்டு, முத்து மாலை, ஒட்டியாணம், எலுமிச்சை மாலை, பக்கத்தில் ஆடுகிற தீபச் சுடர். மேடம் பழைய ஃபோனில் பார்த்தார். டீ சோதனையில் தேறிவிட்டது. முதல் நாள் அலங்காரத்தை மட்டும் வெள்ளோட்டமாக ஊருக்கு அனுப்பி வைத்தோம்.

மறு வாரம் வசந்தா அம்மா மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றினார், உட்காரவில்லை.

"யாரு இங்க ஆத்தாள வரஞ்சது?"

"நான்தாம்மா" என்று எழுந்தேன்.

"நீங்களா? நெத்தி நெறைய திருநீறு. ஒங்க வீட்டுப் பொம்பளைங்கள இப்புடித்தான் வாசல்ல நிறுத்துவீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னக்கா ஆச்சு? மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரலம்மா. பாருங்க இத" என்று தன் ஃபோனை நீட்டினார். அவர் வீட்டுக்காரர் அங்கே ஃபோனில் தெரிந்ததை அப்படியே வீடியோவாகப் பிடித்து அனுப்பியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெறும் திரையில் முதலில் திருமேனி வந்தது. அதோடு நின்றுவிட்டது. சேலை இல்லை, நகை இல்லை. அப்படியே நின்றது.

"சேலை எங்க? சொல்லுங்க, எங்க? இன்னும் வரல பாருங்க. ஒல வச்சு சோறு வடிச்சுட்டு வந்துரலாம் போல."

பிறகு சேலை கொசுவம் கொசுவமாக வந்தது. நகை வருவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது.

"என்னடி ஆத்தாள இப்புடி வச்சிருக்கானுவன்னு அழுவாத கொறையாப் பேசுறாரு. போட்டுல இருக்குற வெளியூர்க்காரன் பூராப் பாத்துட்டான். கோயில்ல அலங்காரம் பண்றப்ப தெரை போடுவாங்களா இல்லையா? பால் குடிக்கிற புள்ளைக்குத் தெரியும் அது."

நான் ஃபோனைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். என் கம்ப்யூட்டரில் எல்லா அடுக்கும் ஒரே நொடியில் சேர்ந்து வரும். கீழ் அடுக்கு தனியாக நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மேடம்தான் முதலில் பேசினார். "தப்பு என்னுதுக்கா. நான் சோதிச்சுப் பாத்த ஃபோன்தான் பழசு, நெட்டு நம்ம ஆபீஸ் நெட்டு. அத நான் யோசிக்கல. சிக்னல் கம்மியா இருந்தா வந்தது வந்தபடி வரைஞ்சு காட்டும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க. கொடியேத்தத்துக்குள்ள ஒழுங்கா வரலைன்னா பக்கத்தையே எடுத்துரணுமாம். அப்புறம் இந்த வருசமும் அவரு ஆத்தா மொகத்தப் பாக்காமத்தான் அங்க கெடக்கணும்." கடைசி வார்த்தைக்குக் குரல் இறங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து மேடம் சோதனை பார்க்கும் இடத்தை மாற்றினார். கீழே மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டர் பக்கத்தில், சிக்னல் சரியாக எட்டாது. டீயையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார். டீக்கடைக்காரர், "மேடம், மாடியில எடமில்லையா?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

பிறகு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படத்தின் ஒவ்வொரு அடுக்கையும் திறக்கச் சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முத்து மாலையில் ஒவ்வொரு முத்தையும் நான் தனித்தனியாக வரைந்து, தனித்தனியாகப் பளபளப்புக் கொடுத்திருந்தேன். "ஒரு முத்த ஒரு தடவ வரைவோம் சார். அதையே இங்கயும் வை, அங்கயும் வைன்னு சொல்லிருவோம்" என்றார். குறிப்பு பாதிக்கு மேல் சுருங்கியது. சேலைக் கரையில் நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்திருந்தேன். ஒரு புள்ளியை எடுத்துவிட்டு வளைவு மாறுகிறதா என்று பார்ப்போம். மாறாவிட்டால் அந்தப் புள்ளி போகட்டும். மாறினால் திரும்ப வைப்போம். மாலைக்குக் கீழே மங்கலாக நிழல் போட்டிருந்தேன். அந்த மங்கலைக் கணக்குப் போடத்தான் ஃபோன் அதிகம் தவிக்கிறது என்றார். அதை எடுத்துவிட்டு, கொஞ்சம் கருத்த சிவப்பில் ஒரு சாதாரண வடிவம் வைத்தேன். கண்ணுக்கு நிழல்தான். தீபச் சுடர் அம்மன் படத்தோடு ஒன்றாக இருந்ததால், சுடர் ஆடும் ஒவ்வொரு முறையும் ஃபோன் அம்மனையும் சேர்த்து மறுபடி வரைந்துகொண்டிருந்தது. சுடரைப் பிரித்துத் தனித் தாளில் போட்டோம். வரைந்து முடித்ததை அப்படியே பிடித்து வைத்து, விரலால் நகர்த்தும்போது அதையே நகர்த்தும்படி மேடம் செய்தார். பெரிதாக்கினால் மட்டும் புதிதாக வரையும்.

மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தோம். டீ இறங்கிவிட்டது, அம்மன் வரவில்லை.

மீதி இருந்தது திருமேனி அடுக்கு. அதுதான் எல்லாவற்றிலும் கனமானது. உடம்பின் மெருகுக்காக நிறத்தின் மேல் நிறமாக ஏற்றியிருந்தேன். மேடம் விரல் வைத்தார்.

"சார், இது யாருக்குத் தெரியும்?"

"அம்மனுக்குத் தெரியும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நானே மறுபடி சொன்னேன்: "அந்தம்மா சொன்னாங்கள்ல, தெரை போட்டுரலாமே. உள்ள என்ன நடந்தாலும் தெரியாது."

"போடத்தான் போறோம் சார். ஆனா தெரைக்குப் பின்னாடி அதே வேலை நடந்துகிட்டுத்தான இருக்கும்? அவரு தெரையவே பாத்துகிட்டு இருப்பாரு, சிக்னல் போயிரும். போட்டு திரும்பக் கடலுக்குப் போயிரும்."

ஃபைல் அவர் கையிலும் இருந்தது. அந்த அடுக்கை அவரே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. "வரஞ்சது நீங்க. நீங்கதான் சொல்லணும். மனசு வரலைன்னா வேற ஏதாவது பாப்போம்" என்றார். வேறு வழி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "எனக்கென்ன தெரியும், அந்தக் கோயில் பூசாரியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் வேதாரண்யம் பஸ் பிடித்தேன்.

கோயிலில் பூசாரி வெளியில் நின்று பந்தல்காரர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன். சேலைக்குள் திருமேனி இல்லாமல் வரைந்தால் பின்னமாகுமா, தெய்வக் குற்றமாகுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஆகும் என்று சொல்லிவிட்டால் மேடத்திடம் என்ன சொல்வது, வசந்தா அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நின்றேன்.

"நகம் வரைக்கும் வரஞ்சது நீங்கதானா? வசந்தா சொல்லிச்சு. வாங்க" என்று பின்னால் வாகனக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

குதிரை வாகனத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு மரச்சட்டம் சாத்தியிருந்தது. நடுவில் ஒரு கட்டை, தோள் அளவுக்குக் குறுக்கே ஒரு கட்டை, தொங்குகிற கயிறு. அவ்வளவுதான்.

"இதுதான் நீங்க பாத்த உற்சவ அம்மன்."

என் கை தானாகக் குவிந்தது.

"கும்புடாதீங்க, இது வெறுங்கட்டை" என்று சிரித்தார். "இதுல வைக்கோல் பிரி சுத்தி, அது மேல வேட்டியச் சுத்தி இடுப்பு, தோளு கட்டுவோம். வெள்ளியில கை, வெள்ளியில பாதம், மேல வெள்ளி முகம். அப்புறம் சேலை. தெரைய வெலக்குனா ஊரே கன்னத்துல போட்டுக்கும்."

"அப்ப உள்ள காலு?"

"பாதந்தான் இருக்கே. நடுவுல எதுக்கு சார் காலு? எங்கப்பா கட்டுனாரு, நான் கட்டுறேன். ஒரு வருசங்கூட எங் காலு எங்கடான்னு ஆத்தா கேட்டதில்ல."

நான் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என் கவலை முடிந்துபோன விஷயம். அவருடைய கவலை வேறு. "மெஷின் அறுப்பு வைக்கோலு நொறுங்கிப் போவுது, பிரி முறுக்க வரல. ஒங்க பக்கம் கையறுப்பு வைக்கோல் யாருகிட்டயாவது இருக்கா பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, சந்நிதியில் விழுந்து கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு ஆபீஸ் போனேன். மேடம் எனக்கு முன்னால் வந்திருந்தார். பூசாரியிடம் வாங்கிய திருநீற்றை இட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். முகமும் கையும் பாதமும் தனி அடுக்குக்கு மாற்றி வைத்தேன். மீதியைத் தேர்ந்தெடுத்து, அம்மா என்று சொல்லி எடுத்துவிட்டேன். படத்தில் ஒன்றுமே மாறவில்லை. சேலை நின்றபடி நின்றது. அம்மன் பார்த்தபடி பார்த்தாள்.

பிறகு திரை வரைந்தேன். சிவப்பு, மஞ்சள் கரை, நான்கைந்து மடிப்பு. இத்தனை குறைந்த புள்ளியில் நான் எதையும் வரைந்ததில்லை. லேசாக இருப்பதால் அதுதான் முதலில் போய்ச் சேரும். அதற்குப் பின்னால் அம்மனை ஃபோன் முழுதாக வரைந்து முடித்த பிறகுதான் திரை விலகி மணி அடிக்கும்படி மேடம் செய்தார். பாதியில் சிக்னல் போனால் திரை மூடியபடியே இருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் போனோம். மேடம் பக்கத்தைத் தட்டினார். திரை வந்தது. ஒரு வாய் குடித்தார். தொண்டை அசைந்தது. மணி அடித்தது.

"சார்" என்றார். டம்ளரை ஜெனரேட்டர் மேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஃபோனைக் கும்பிட்டார். அந்த ஆபீஸில் அவர் கும்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் வசந்தா அம்மா கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாத்துட்டாராம்மா! போட்டு கரையோரம் வந்ததும் பாத்துட்டாராம். சத்தமே வரல அவருக்கு. பஞ்சாயத்துலயும் பாத்துட்டாங்க, இருக்கட்டும்னுட்டாங்க. அந்த நெத்தி நெறைய திருநீறு இருக்காரா?"

"இருக்கேம்மா."

"இப்பத்தான் ஒங்களுக்கு ஒழுங்கா சேலை கட்டத் தெரிஞ்சிருக்கு."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வருஷம் எல்லா நாள் அலங்காரமும் போட்டோம். உள்ளே ஒன்றிலும் உடம்பு இல்லை. அதற்குப் பிறகு நான் வரைந்த எந்தச் சாமிக்கும் மறைகிற இடத்தில் நான் ஒன்றும் வரையவில்லை. அது எனக்கு உறுத்தியதும் இல்லை.

எழுதச் சொன்னவர்களுக்கு இது போதும். ஆனால் இதற்குப் பின்னால் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய திருவிழா சமயம் வசந்தா அம்மா வந்திருந்தார். மேடத்துக்கு நெத்திலிக் கருவாடு, எனக்கு ஆகாது என்று தெரிந்து ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் வீட்டுக்காரர் புது ஃபோன் வாங்கிவிட்டாராம். அங்கே சிக்னலும் இப்போது நன்றாகக் கிடைக்கிறதாம்.

"ஒரு கொறை இருக்கு" என்றார்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னக்கா? மறுபடி நிக்குதா?"

"நிக்க மாட்டேங்குதும்மா. தெரை போட்டதே தெரியல. கன்னத்துல போட்டுக்கக் கை எடுக்குறதுக்குள்ள தொறந்துருது. தெரை நின்னாத்தான ஆத்தா வரப்போறான்னு மனசு ஒரு எடத்துல நிக்கும்? அவரு சொல்லச் சொன்னாரு."

மேடம் என்னைப் பார்த்தார். வேகமாக வருகிறது என்று அவரிடம் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை, அவரும் கேட்டிருக்க மாட்டார். பிறகு மேசை மேல் இருந்த டீயை எடுத்தார். கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, நிதானமாக விழுங்கினார்.

"இவ்ளோ நேரம் நின்னாப் போதுமாக்கா?"

வசந்தா அம்மா கணக்குப் பார்ப்பவர் போல யோசித்தார்.

"இன்னும் ஒரு வாய் குடிங்க."

மேடம் குடித்தார். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் திரை அவ்வளவு நேரம் நிற்கிறது.